ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத யூனிட்

கரூரிலிருந்து காங்கயம் வழியாகக் கோவைக்குப் போகும் நெடுஞ்சாலையில், க.பரமத்திக்கு அருகே, கிரஷர்களின் வெண்புழுதி பனியோடு கலந்து தாழ்ந்து கிடக்கும் விடியற்காலை வேளையில், புளியமரத்து நிழலுக்குள் ஒரு ஜீப் விளக்கை அணைத்துக்கொண்டு நிற்குமானால், அது யாருக்காக நிற்கிறது என்பதை அவ்வழியே போகும் டிப்பர் டிரைவர்கள் ஒரு பர்லாங் தூரத்திலேயே அறிந்துகொள்வார்கள். அறிந்து என்ன பயன்? திரும்புவதற்குக் கிளைச்சாலை இல்லை. எம் சாண்டைக் குவியலாக ஏற்றிக்கொண்டு, பின்கதவின் இடுக்கிலிருந்து தண்ணீர் ஒழுக, ஸ்பிரிங் பட்டைகள் வளைவெல்லாம் இழந்து நேர்கோடாக நிமிர்ந்துவிட்ட நிலையில் வருகிறது ஒரு சிறிய டிப்பர். பெயின்ட் வாசனை இன்னும் போகாத புது வண்டி.

“ஏனுங்க சார், ஒரே ஒரு யூனிட்டுத்தானுங்க!” என்கிறான் டிரைவர்.

“யூனிட்டு இருக்கட்டும் தம்பி, கிலோ எத்தனை?” என்று கேட்கிறார் மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது ஊர்ப்பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர்.

எடைமேடைச் சீட்டு அதற்குப் பதில் சொல்லுகிறது. ஆர்.சி. புத்தகம் அனுமதிப்பது 7,490 கிலோ. மேடை காட்டுவது 9,620. அரைமணி நேரத்துக்கெல்லாம் உரிமையாளர் மொபெட்டில் வந்து சேர்கிறார். “பட்டறையிலே ஒரு யூனிட் பாடின்னுதானுங்க கட்டிக் குடுத்தாங்க” என்று முறையிடுகிறார். முறையீடு நிறைவதற்குள் இரண்டு பேர் மம்பட்டியால் மணலைச் சாலையோரத்தில் இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இது எந்தத் தேதியில், எந்த வண்டிக்கு நேர்ந்தது என்று கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஜல்லியும் மணலும் ஓடுகிற சாலைகளில் எல்லாம், பாத்திரங்கள் மட்டும் மாறி, கதை மாறாமல் நடந்துகொண்டிருக்கிற நாடகம் இது.

இந்த நாடகத்தில் உரிமையாளர் சொன்னதும் பொய்யன்று. ஆய்வாளர் செய்ததும் அநீதியன்று. அந்த வண்டி ஒரு யூனிட் கொள்ளும்படியாகவே கட்டப்பட்டது. ஒரு யூனிட்டைச் சுமக்கும்படியாக ஒருநாளும் பதிவு செய்யப்படவில்லை. கடன் வாங்கி முதல் டிப்பர் எடுக்கும் வாலிபர்கள், வீடு கட்டும் மேஸ்திரிகள், ஹார்டுவேர் கடைக்காரர்கள், குழாய் பதிக்கும் சிறு காண்ட்ராக்டர்கள் ஆகிய பலரும், வண்டியின் விலை, மாதத் தவணை, மைலேஜ் ஆகியவற்றை விரல்நுனியில் வைத்திருந்தும், சட்டப்படி அது சுமக்கக்கூடிய பாரம் இவ்வளவு என்ற ஒரே கணக்கைப் போடாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பதே இந்தத் தொழிலைக் கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் தென்படும் விசித்திரம்.

கன அடியில் வியாபாரம், கிலோவில் சட்டம்

நம் நாட்டில் மணலும் ஜல்லியும் கிராவலும் யூனிட் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மீட்டர் கணக்கில் 2.83 கன மீட்டர். பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள பெட்டிக்கு இருபது அங்குல உயரம் வைத்தால் சரியாக ஒரு யூனிட். இந்தக் கணக்குத் தெரியாத பட்டறைக்காரர் தமிழ்நாட்டில் இல்லை; நாமக்கல் வட்டாரத்தில் லாரி பாடி கட்டும் தொழிலாளிகள் இதை நூல் பிடிக்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் விழும் பொருள் எதுவாயினும் அதற்கு ஒரு கனம் உண்டு என்பதையும், அந்தக் கனம் பொருளுக்குப் பொருள் மாறும் என்பதையும், மழை பெய்தால் ஒரே பொருளுக்கே மாறும் என்பதையும் பெட்டியின் அளவு தெரிவிப்பதில்லை.

அரசாங்கம் கூடக் கனிமக் கணக்கில் அளவையிலிருந்து எடைக்கு நகர்ந்துவிட்டது. கல்லுக்கும் ஜல்லிக்கும் விதிக்கப்படும் சீனியரேஜ் தொகையைக் கன மீட்டருக்குப் பதிலாக டன் கணக்கில் வசூலிப்பது, 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் பெரிய விவகாரமாக எழுந்தது. குவாரியின் வாசலில் டன்; நெடுஞ்சாலையில் கிலோ; வீடு கட்டுகிறவரின் வாசலில் மட்டும் இன்றைக்கும் யூனிட்.

> பெட்டிச் செய்தி: ஒரு யூனிட் எவ்வளவு கனம்?
> (எல்லாம் உத்தேசக் கணக்கு, ஈரம், நொறுக்கல், குவியல் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்)
> எம் சாண்ட்: 4.5 முதல் 5 டன். கழுவிய ஈரத்தோடு வந்தால் அதற்கும் மேல்.
> 20 மி.மீ. ஜல்லி: 4 முதல் 4.5 டன்.
> இளகிய செம்மண்: 3.5 முதல் 4.2 டன்.
> கட்டட இடிபாடு: 3.5 முதல் 4.5 டன்.
> யூனிட்டில் அளக்காதவை: செங்கல் ஆயிரத்துக்கு 3 டன்னுக்குக் குறையாது, சிமென்ட் 20 மூட்டைக்கு 1 டன்.

கழித்தல் கணக்கு

சட்டப்படியான பாரத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. ஆரம்பப் பள்ளியின் கழித்தலே போதும். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் பதிவாகியிருக்கின்றன. ஒன்று, வண்டியும் சரக்கும் சேர்ந்து இதற்கு மேற்படக் கூடாது என்று பதிவு அதிகாரி உறுதி செய்த மொத்த வாகன எடை; மற்றொன்று, சரக்கில்லாத வெறும் வண்டியின் எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது பாரம். இவ்வளவு எளிய விஷயத்தில் மனிதர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்றால், கழிக்க வேண்டிய எண் அவர்கள் நினைப்பதைவிடப் பெரியதாக இருப்பதே காரணம்.

விளம்பரத்தில் ‘நான்கு டன் தாங்கும்’ என்று போடப்படும் எண், பல சந்தர்ப்பங்களில், சேஸிஸுக்கோ மரப்பலகை அடித்த சாதாரண பாடிக்கோ பொருந்துவது. டிப்பராக மாற்றும்போது சேஸிஸின் மேல் இன்னொரு சட்டம் ஏறுகிறது. கியர்பாக்ஸிலிருந்து விசையை எடுத்துக்கொடுக்கும் அமைப்பும், எண்ணெய் பம்பும், எண்ணெய்த் தொட்டியும், பெட்டியைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ராலிக் ஜாக்கியும், கீல்களும், பின்கதவும் ஏறுகின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக இரும்புத் தகடு. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள இரும்புத் தகடு, ஒவ்வொரு மில்லி மீட்டர் கனத்துக்கும் 7.85 கிலோ நிறுக்கும். முன்சொன்ன ஒரு யூனிட் பெட்டியில் தரையும் நான்கு சுவர்களும் சேர்ந்து பத்தரை சதுர மீட்டர் வருகின்றன. ஆதலால், ‘கல்லு விழுந்தாலும் நசுங்கக் கூடாதுங்க, ஒரு மில்லி கூடவே போடுங்க’ என்று உரிமையாளர் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்கு விலை, வண்டியின் ஆயுள் முழுவதும், ஒவ்வொரு நடையிலும், ஏறக்குறைய 80 கிலோ சரக்கு.

அதோடு, மோட்டார் வாகனச் சட்டம் வெறும் எடையை வரையறுக்கும்போது டிரைவரையும் உதவியாளரையும் அதில் சேர்ப்பதில்லை. அவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் சரக்கின் பங்கிலிருந்து தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு டிரைவரும் இரண்டு லோடுமேன்களும் என்றால் 190 கிலோ போயிற்று. பெரிய லாரிக்கு இது கணக்கில் தெரியாத தூசி. சின்ன வண்டிக்கு இது நாலு மூட்டை சிமென்ட்.

இன்னொரு நுட்பம் உண்டு. இதை அறிந்தவர்கள் குறைவு. 113ஆம் பிரிவு, சரக்கேற்றிய எடை வரம்பு மீறுவதை மட்டும் தடுக்கவில்லை. வெறும் வண்டியின் எடை ஆர்.சி.யில் எழுதியதற்கு மேற்பட்டாலும் அதை ஓட்டக் கூடாது என்கிறது. பதிவு முடிந்தபின் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தகட்டை மாற்றி, சுவரை உயர்த்தி, பம்பரைத் தடிமனாக்கி, கூடுதல் ஸ்பிரிங் பட்டை ஒன்றையும் செருகிக்கொண்டு வந்தவர், ஒரு கூடை மண்ணும் ஏற்றாமலே குற்றவாளியாக நிற்கக்கூடும்.

எந்த வேலைக்கு எந்த வண்டி

யானை வாங்குகிறவன் முதலில் தொழுவத்தை அளக்க வேண்டும் என்பார்கள். டிப்பர் வாங்குகிறவர் முதலில் தமக்கு வரக்கூடிய வேலையை நிறுத்துப் பார்க்க வேண்டும். 2005இல் டாடா ஏஸ் வந்து, தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயர் பெற்றுச் சந்து பொந்தெல்லாம் நுழைந்தபோதும், 2011இல் அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் பாரத்தோடு வந்தபோதும், சின்ன வண்டி என்பது ஒரு தனி வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1986 முதல், டாடா 407 நடுத்தரச் சுமைக்கு மறுபெயராக விளங்கி வந்திருக்கிறது. இப்போது எல்லாக் கம்பெனிகளிலும் வகைகள் பெருகிவிட்டமையால், மாடல்களைப் பெயர் சொல்லி ஒப்பிடுவதைவிட, சட்டம் போட்டிருக்கும் வேலிகளை வைத்து மூன்று வகுப்பாகப் பார்ப்பது பயனுள்ளது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று 66ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த வேலிக்குச் சற்று உள்ளே, 2,990 கிலோவில் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். டிப்பர் அமைப்போடு வெறும் எடை 1,650 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேரும் ஏறியபின் சரக்குக்கு மிஞ்சுவது 1,200 கிலோ சொச்சம். எம் சாண்டில் கால் யூனிட். இது போதாது என்று முகம் சுளிப்பவர்கள் யோசிக்க வேண்டும். பழைய வீட்டை இடித்து அள்ளுகிறவருக்கும், குளியலறை ஒன்றுக்கு ஓடு மாற்றித் தரும் மேஸ்திரிக்கும், மதுரையின் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வேலை எடுப்பவருக்கும், கால் யூனிட்டை நேரே வாசலில் கொட்டக்கூடிய வண்டி, தெருமுனையில் ஒரு யூனிட்டைக் கொட்டிவிட்டுப் போகும் வண்டியைவிட மேலானது. பாண்டுச் சட்டியில் அள்ளிச் சுமக்கும் கூலி மிச்சம்.

ஐந்து டன்னுக்குச் சற்றுக் குறைந்த வகுப்பு அடுத்தது. 4,990 கிலோ மொத்த எடையில் வண்டி 2,500 போக, ஆள் மூவரும் போக, மிஞ்சுவது 2,300 கிலோ. இது ஏறக்குறைய அரை யூனிட். வீட்டு வேலைக்கு மணல் சப்ளை செய்கிறவர்களுக்கு, என் அபிப்பிராயத்தில், மிகவும் நேர்மையான வகுப்பு இதுதான். ஏனெனில் இங்கே வாடிக்கையாளர் கேட்கும் அளவும் ஆர்.சி. புத்தகம் தரும் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றன.

சிக்கல் முழுவதும் மூன்றாம் வகுப்பிலே குடிகொண்டிருக்கிறது. 7,500 கிலோ என்பது இலகுரக மோட்டார் வாகனத்தின் எல்லை. அதற்குள் இருக்கும் சரக்கு வண்டியை, கார் ஓட்டும் இலகுரக லைசென்ஸே உள்ளவர் ஓட்டலாமா என்ற கேள்வி பல்லாண்டுகள் நீதிமன்றங்களை அலைக்கழித்தது. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓட்டலாம் என்றது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒப்பவில்லை. கடைசியில் 2024 நவம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ரம்பா தேவி வழக்கில், ஓட்டலாம் என்பதையே நிலைநாட்டியது. இன்ஷூரன்ஸிலும் இதே இடத்தில்தான் படி ஏறுகிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணைப்படி, 7,500 கிலோ வரையில் மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 16,049 ரூபாய். அதைத் தாண்டினால், 12,000 கிலோ வரையில், 27,186 ரூபாய்.

ஆகவே 7,490 கிலோவில் வண்டிகள் மொய்த்துக்கொண்டு நிற்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. டிரைவர் கிடைப்பது சுலபம், பிரீமியம் குறைவு. ஆனால் கழித்துப் பாருங்கள்: வெறும் வண்டி 3,400, ஆட்கள் 190, மிஞ்சுவது 3,900 கிலோ. ஜல்லியானால் ஒரு யூனிட்டுக்கு ஒரு பிடி குறைவு. எம் சாண்டானால் 83 கன அடிதான். ஊரெல்லாம் ‘ஒரு யூனிட் வண்டி’ என்று வழங்கும் வகுப்பு, சட்டத்தின் தராசில் முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட வண்டி. மட்டமாக ஒரு யூனிட் மணல் போட்டால் 800 கிலோ அதிகம். குவித்து, ஈரத்தோடு, 120 கன அடி போட்டால் இரண்டு டன்னுக்கு மேல் அதிகம். உண்மையாகவே ஒரு யூனிட் மணல் சுமக்க வேண்டுமானால் எட்டரை டன்னுக்குக் குறையாத மொத்த எடையுள்ள வண்டியும், அதற்குரிய லைசென்ஸ் உள்ள டிரைவரும், அதற்குரிய பிரீமியமும் வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியதே, அது எங்கள் வண்டிக்கும் சேர்த்துத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அறிவிப்பினால் ஆறு சக்கர இரண்டு அச்சு லாரியின் உச்சவரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாயிற்று என்பது மெய்; அதனால் ஏழரை டன் வண்டியின் ஆர்.சி.யில் எழுதிய எண் தானாகத் திருந்திவிடவில்லை.

> பெட்டிச் செய்தி: மிகைப்பாரமும் தண்டனையும்
> 2019 செப்டம்பர் 1க்கு முன்: குறைந்தது 2,000 ரூபாய் அபராதம்; மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய்.
> திருத்தச் சட்டத்துக்குப் பின் (194ஆம் பிரிவு): 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய், சரக்கை இறக்கும் செலவு தனி. மிகைச் சரக்கை இறக்காமல் வண்டியை நகர்த்த முடியாது.
> பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ, முன்பின்னாகவோ, அனுமதித்த உயரத்துக்கு மேலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால்: 20,000 ரூபாய்.
> நிறுத்தாமலோ எடை போட மறுத்தோ போனால், அல்லது எடை போடுமுன் சரக்கை இறக்கிவிட்டால்: 40,000 ரூபாய்.

பாரம் யார் தலையில்?

அபராதத் தொகையைக் கேட்டவுடன் அதுவே பெரிய இழப்பு என்று தோன்றும். தொழிலில் நீண்டகாலம் இருக்கிறவர்கள் அவ்வாறு நினைப்பதில்லை. அபராதம் ஒருநாள் வருவது. மற்றவை தினந்தோறும் வருவன.

முதலில் டிரைவர். ஏற்றச் சொன்னவர் முதலாளி. அளந்து போட்டது கிரஷர் லோடர். சீட்டில் இருப்பவன் மட்டும் டிரைவர். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அனுப்பிய உத்தரவில், சரக்கு வண்டியில் மிகைப்பாரம் ஏற்றுவோரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. முதலாளிக்கு ஒருநாள் வண்டி நின்றது; டிரைவருக்குக் கால் வருஷம் அடுப்பு நின்றது. உரிமையாளரும் முற்றாகத் தப்புவதற்கில்லை: டிரைவர் வேறு, உரிமையாளர் வேறு என்ற நிலையில், வெறும் வண்டியின் எடை ஆர்.சி.யில் எழுதியதற்கு மேற்பட்டிருந்தால், அந்தக் குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் உத்தரவின் பேரிலோ நடந்தது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என 113ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்லுகிறது.

இரண்டாவது, பிரேக். ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு, அதன் வேகத்தில் அடங்கிய சக்தி முழுவதையும் பிரேக் டிரம்களில் வெப்பமாக மாற்றியாக வேண்டும். எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால், அதே வேகத்தில், வெப்பமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். சமதரையில் இது தெரியாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், மேலே வீடு கட்டுமிடத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்று, இடிபாட்டையோ பாறைக்கல்லையோ நிரப்பிக்கொண்டு இறங்குகிற வண்டிக்கு இது தெரியும். இருபதாவது வளைவில் மிதித்த மிதிக்கும் ஐம்பதாவது வளைவில் மிதித்த மிதிக்கும் உள்ள பேதத்தை டிரைவரின் பாதம் உணரும். கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறேன் என்று பெருமை பேசுகிறவர்கள், பட்டை வண்டியைத் தாழாமல் தாங்கிப் பிடிக்குமேயன்றி நிறுத்திப் பிடிக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள். டயரும் அப்படியே. அதன் பக்கச்சுவரில், ஒற்றையாகப் போட்டால் இத்தனை கிலோ, ஜோடியாகப் போட்டால் இத்தனை கிலோ என்று அச்சிடப்பட்டிருக்கிறது, படிப்பார்தான் இல்லை.

மூன்றாவது, டிப்பருக்கே உரிய அபாயம். மற்ற லாரிகளில் சரக்கு ஏறும்போதும் போகும்போதும் ஆபத்து. டிப்பரில் கொட்டும்போது ஆபத்து. பெட்டி எழ எழப் புவியீர்ப்பு மையம் மேலே போகிறது. ஈர எம் சாண்ட் பெட்டியின் முன்பகுதியில் ஒட்டிக்கொண்டு சரியாமல் நிற்குமானால், அந்த உயரத்தில் அந்தக் கனம் அப்படியே நிற்கிறது. பின்சக்கரம் ஒன்று புதிதாக மூடிய குழாய்ப் பள்ளத்தின் மேலிருந்து ஒரு சாண் அமிழ்ந்தாலும் போதும். வண்டி பக்கவாட்டில் சாயும். மிகைப்பாரம் என்பது இங்கே, அபராதத்துக்குரிய எண்ணாக இல்லாமல், பக்கத்தில் நிற்கும் மனிதர் மேல் விழும் சுவராகிறது. மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் லிவரை இழுப்பதும் இந்த வகையிலேயே சேரும்.

நான்காவது, இன்ஷூரன்ஸ். பாலிசி இருக்கிறது, எது நடந்தாலும் முழுப்பணமும் வரும் என்ற நம்பிக்கை சரியானதன்று. அமலேந்து சாகு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய கம்பெனிகளின் நடைமுறை விதிப்படி, அனுமதிக்கப்பட்ட பாரத்துக்கு மேல் ஏற்றிய வண்டிக்குச் சொந்தச் சேதத்துக்கான தொகையில் 75 சதவீதத்துக்கு மேற்படாமல் தரலாம். ஒரு பெரிய விபத்தில் மிச்சக் கால் பங்கு என்பது, ஏற்கெனவே கடனில் இருக்கிற மனிதருக்கு, இன்னொரு கடன்.

கடைசியாகச் சாலை. 1958 முதல் 1960 வரையில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகே, தனிப் பாதைகள் போட்டு லாரிகளை இடைவிடாமல் ஓட்டி நடத்திய பெரும் பரிசோதனையிலிருந்து பொறியாளர்கள் பெற்ற விதி ஒன்று இன்றைக்கும் உலகெங்கும் கையாளப்படுகிறது: சாலைக்கு விளையும் சேதம், அச்சில் இறங்கும் எடையின் ஏறக்குறைய நான்காம் படிக்கு உயர்கிறது. எடை 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு. 50 சதவீதம் கூடினால் ஐந்து மடங்கு. பத்துச் சக்கர லாரியோடு ஒப்பிட்டால் சின்ன டிப்பர் பாவம், சாது என்று சொல்லலாம். நானும் ஒருவாறு ஒப்புக்கொள்வேன். ஆனால் பெரிய லாரி நுழையாத பஞ்சாயத்துச் சாலையிலும், சாக்கடை மூடிய சிலாப்பின் மேலும், ஒரு முழத்துக்குக் கீழே குடிநீர்க் குழாய் ஓடும் தெருவிலும் நுழைகிறது சின்ன டிப்பர்தான்.

நியாயமானவனின் நஷ்டம்

இத்தனையும் தெரிந்தபின்னும் மிகைப்பாரம் ஏன் நிற்கவில்லை? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம், அது நியாயமன்று. ஒரு நடைக்கு இவ்வளவு, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று சந்தையில் நிலைத்துவிட்ட வாடகையே மிகைப்பாரத்தை உட்கிடையாகக் கொண்டு பிறந்தது. நாலு பேர் ஒரு நடையில் ஒரு யூனிட் கொண்டுபோய்க் கொட்டும் ஊரில், ஐந்தாமவர் 83 கன அடியோடு வந்து, பாக்கிக்கு இன்னொரு நடை வருகிறேன் என்றால், வீடு கட்டுகிறவர் அவரைத் திருடன் என்றே நினைக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரஷருக்கும் வேலையிடத்துக்கும் 25 கிலோ மீட்டர். லிட்டருக்கு ஏழு கிலோ மீட்டர். போகவர ஏழு லிட்டர் சொச்சம் டீசல். இன்றைய விலையில் 650 ரூபாயை ஒட்டி வரும். டிரைவர் படி தனி. ஒருமுறை பிடிபட்டுக் கட்டும் 20,000 ரூபாய், இத்தகைய முப்பது நடைகளின் டீசல். முப்பது நடைக்கு ஒருமுறையாவது பிடிபடுவது நிச்சயம் என்றால் யாரும் மிகையாக ஏற்ற மாட்டார்கள். அப்படிப் பிடிபடுவதில்லை என்று தொழிலில் எல்லோரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையின் மேல் வாடகை நிற்கிறது. வாடகையின் மேல் தவணை நிற்கிறது. பாங்கிக்காரர்களும் கடன் மனுவில் ஒருநாளைக்கு எத்தனை நடை, நடைக்கு எத்தனை ரூபாய் என்று கேட்கிறார்களேயன்றி, அந்த ரூபாய் சட்டப்படியான பாரத்தில் வருமா என்று கேட்டதாகக் கேள்வி இல்லை.

முற்காலத்தில் சில மாநிலங்கள், முன்பணம் கட்டினால் மிகைப்பாரத்தோடு போகலாம் என்று தங்க அட்டை முதலான பெயர்களில் அனுமதியே விற்றன. பரம்ஜித் பாசின் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதமென்று தள்ளி, மிகைச் சரக்கை இறக்கியே தீர வேண்டும் என்றது. காகித அட்டை ஒழிந்தது. அதன் இடத்தில் வேறு என்ன நடமாடுகிறது என்பதை லாரிக்காரர்கள் டீக்கடைகளில் தாராளமாகவே பேசுகிறார்கள். அதை இங்கே எழுதுவதற்கில்லை. பரிகாரம், சோதனையில் பாதி, வாங்குகிறவர் கையில் பாதி. வீடு கட்டுகிறவர்கள் எடைமேடைச் சீட்டோடு டன் கணக்கில் சரக்குக் கேட்கத் தொடங்கினால், 83 கன அடி கொண்டுவருபவர் திருடராக மாட்டார், சொன்னதைக் கொண்டுவந்தவராவார். குவியலில் கோடு கிழித்து அளவு பார்க்கும் சண்டையும் ஒழியும்.

பட்டறை வாசலில்

இனி, வண்டி எடுக்க எண்ணியிருப்பவர் செய்யத்தக்கவை. தாம் அதிகமாக ஏற்றப்போகும் பொருள் எது, அது மழைக்காலத்தில் எவ்வளவு நிறுக்கும் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த எடைக்கு ஆள் எடையையும் டிப்பர் பாடியோடு கூடிய வெறும் எடையையும் கூட்டி, வருகிற தொகைக்குக் கீழே மொத்த எடை உள்ள எந்த வண்டியையும், விற்பனையாளர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், பார்க்க மறுத்துவிட வேண்டும். பெட்டியின் உயரத்தைப் பாரத்துக்கு ஏற்றபடி வைக்கச் சொல்வது அடுத்தது. மணலே தொழிலாக உள்ளவர் 7,490 கிலோ வண்டிக்கு 83 கன அடியில் பெட்டி கட்டச் சொன்னால் பட்டறைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஓரடி சுவர் உயர்த்தினால் 70 கிலோ இரும்பும், உள்ளே 60 கன அடி ஆசையும் ஏறுகின்றன. அந்த ஆசையின் எடை எம் சாண்டில் 2.8 டன். செங்கலும் மணலும் மாறி மாறி ஏற்றுகிறவருக்கு மட்டும், உயரமான சுவரைவிடக் கழற்றி மாட்டக்கூடிய பலகை அனுகூலம், அதுவும் ஆர்.சி.யில் பதிவான எடைக்குள் அடங்க வேண்டும்.

பழைய வண்டியானால், பேரம் பேசுமுன் ஆர்.சி. புத்தகத்தையும் வண்டியையும் ஒன்றாக எடைமேடைக்கு அழைத்துச் செல்வது உத்தமம். சாதாரணத் திறந்த பாடி என்று பதிவாகியிருந்து, வாசலில் டிப்பராக நிற்கும் வண்டிகள் அபூர்வமல்ல. 52ஆம் பிரிவின்கீழ் அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டவுடன் விலை இறங்குவதையும் காணலாம்.

புது வண்டிக்கு டிப்பர் பாடி கட்டுகிறவர், பட்டறை தரும் கொட்டேஷனில் தகட்டின் கனத்தோடு, முடிந்த பாடியின் எடை இத்தனை கிலோ என்றும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி தயாரானதும், டீசல் நிரப்பி, ஸ்டெப்னியும் ஜாக்கியும் தார்ப்பாயும் ஏற்றி, பதிவுக்குக் கொண்டுபோகுமுன்னரே மேடையில் நிறுத்திச் சீட்டு எடுத்து, எழுதியதற்கு மேல் ஏறியிருக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் விளக்கம் கேட்ட பிறகே பட்டறைக்குக் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.